காரணமும் கருணையும்: பிறழ்நிலை உளவியலின் அடிப்படைகளும் வரலாற்று அணுகுமுறைகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரே, பேராசிரியப் பெருமக்களே, மாணவ மாணவியரே, மனநோயால் துன்புறும் ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இன்று இங்கு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடைசியாக நான் விளித்தவர்களை மனத்தில் வைத்தே இந்த உரையை எழுதினேன். ஒரு வீட்டில் மனநோய் புகுந்ததும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. “ஏன் இப்படி ஆச்சு?” என்பது முதல் கேள்வி. “இப்ப என்ன செய்யறது?” என்பது இரண்டாவது. முதலாவது காரணத்தைத் தேடுகிறது. இரண்டாவது, நோயுற்றவரை இன்று எப்படி நடத்துவது என்று கேட்கிறது. பிறழ்நிலை உளவியலின் வரலாறு பெரும்பாலும் முதல் கேள்வியின் வரலாறாகவே பாடநூல்களில் எழுதப்படுகிறது: பேய் என்றார்கள், பித்தம் என்றார்கள், பிறகு மூளை என்றார்கள், மனம் என்றார்கள். நான் இன்று இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க விரும்புகிறேன். அப்படிப் பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகிறது. காரணம் தெரிவதற்கு முன்பே கண்ணியமாக நடத்தியவர்கள் பலரைக் கரைசேர்த்திருக்கிறார்கள். காரணம் தெரிந்துவிட்டது என்ற துணிவில் கண்ணியத்தை மறந்தவர்கள் பெருந்தீங்கு செய்திருக்கிறார்கள்.

1. எது பிறழ்வு?

முதலில் அடிப்படைக் கருத்துகள். ஒரு நடத்தையைப் பிறழ்வு என்று எதை வைத்துச் சொல்வது? வழக்கமாக ஐந்து அளவுகோல்கள் சொல்லப்படுகின்றன: புள்ளியியல்படி அரிதாக இருத்தல், சமூக நெறியிலிருந்து விலகுதல், வேதனை தருதல், அன்றாடச் செயல்பாட்டைக் குலைத்தல், தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக அமைதல். ஒவ்வொன்றிலும் ஓர் உண்மை இருக்கிறது. எதுவும் தனித்து நிற்பதில்லை.

அரிதாக இருப்பதெல்லாம் நோய் என்றால் மேதைமையும் நோயாகிவிடும். மாறாக, பரவலாக இருப்பதாலேயே ஒன்று நலமாகிவிடாது. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் இருந்தார்கள். பத்தில் ஒருவருக்கு வருவது என்பதால் அது இயல்பு நிலை ஆகிவிடவில்லை. வேதனை என்ற அளவுகோலும் அப்படித்தான். கடும் மனஎழுச்சியில் இருப்பவர் உலகையே வென்ற மகிழ்ச்சியில் இருப்பார். சேமிப்பையெல்லாம் ஒரே வாரத்தில் செலவழிப்பார், இரவெல்லாம் உறங்கமாட்டார். வேதனை அவருக்கு இல்லை, வீட்டாருக்குத்தான். இன்னொரு பக்கம், கணவரை அண்மையில் இழந்த ஒரு மூதாட்டிக்கு அவர் பெயர்சொல்லி அழைப்பது காதில் விழுகிறது. துக்கத்தில் இருக்கும் பலருக்கும் இப்படி நேர்கிறது. அதை மனநோய் என்று எழுதிவிடக் கூடாது. ஆபத்து என்ற அளவுகோலோ பொதுமக்கள் மனத்தில் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டது. மனநோயுள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள்தாம் பிறருடைய வன்முறைக்கு எளிதில் இரையாகிறார்கள்.

சமூக நெறி என்ற அளவுகோல்தான் இருப்பதிலேயே அபாயகரமானது. 1851இல் அமெரிக்காவின் தென்பகுதியில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர் ‘டிராபெட்டோமேனியா’ என்றொரு நோயை அறிவித்தார். அடிமைகள் தம் எசமானரிடமிருந்து தப்பி ஓடுவதுதான் அந்த நோயின் அறிகுறி. விடுதலை வேட்கையையே நோயாக்கினார். அதற்கு அவர் பரிந்துரைத்த மருந்துகளில் சவுக்கடியும் ஒன்று. சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்துப் பேசியவர்களுக்கு ‘மந்தகதி மனச்சிதைவு’ என்று பெயர் சூட்டி மனநல மருத்துவமனைகளில் அடைத்தார்கள். தன்பால் ஈர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973இல். உலக சுகாதார அமைப்பு நீக்கியது 1990இல்தான். அதுவரை எத்தனை பேரை அந்தப் பட்டியல் வாட்டியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

இந்தச் சிக்கலிலிருந்து வெளியேற 1992இல் ஜெரோம் வேக்ஃபீல்டு ஒரு வழி சொன்னார். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும்: உள்ளே இயங்க வேண்டிய ஏதோ ஓர் உளச்செயல்பாடு பழுதுபட்டிருக்க வேண்டும், அந்தப் பழுதால் மனிதருக்குத் தீங்கும் நேர வேண்டும். சமூகத்துக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் போதாது. இதிலும் விவாதங்கள் உண்டு. ஆனால் நம் நாட்டுச் சட்டம் இதே கவலையைத் தன் போக்கில் பதிவுசெய்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, அரசியல், சமய மதிப்பீடுகளோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது. முன்பு சிகிச்சை பெற்றவர் என்ற ஒன்றை மட்டும் வைத்து இன்றும் நோயுள்ளவர் என்று சொல்லக் கூடாது என்றும் சொல்கிறது. மாணவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். ஒரு நூற்றாண்டுத் தவறுகளின் சாரம் அதில் இருக்கிறது.

2. பேயும் பித்தமும்

இனி வரலாறு. மிகப் பழைய விளக்கம் ஆவி, தெய்வக் குற்றம், ஏவல். இது எல்லாச் சமூகங்களிலும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இதற்கு எதிரான முதல் பெருங்குரல் கிரேக்கத்திலிருந்து வருகிறது. ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் ‘புனித நோய்’ என்ற நூல், வலிப்பு மற்ற நோய்களைவிட எந்த விதத்திலும் தெய்வீகமானது இல்லை, அதன் இருப்பிடம் மூளை என்று வாதிட்டது. ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கின் சமநிலை குலைவதே நோய் என்ற கொள்கை அந்த மரபில் வளர்ந்தது. கரும்பித்தம் மிகுந்தால் ஆழ்ந்த சோர்வு வரும் என்றார்கள்.

நம் மருத்துவ மரபுகளும் இதே வழியில் சிந்தித்தவை. சரக சம்ஹிதை உன்மாதத்தை, அதாவது பித்துநிலையை, ஐந்து வகையாகப் பிரிக்கிறது. அவற்றில் நான்கு வாதம், பித்தம், கபம், மூன்றும் சேர்ந்த கேடு ஆகியவற்றால் வருபவை. ஒன்று மட்டுமே வெளியிலிருந்து வருவது. அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் பதினெட்டு வகைக் கிரிகைகளை, அதாவது மனநோய்களைப் பேசுகிறது. ஆவியை முற்றிலும் மறுக்காமலேயே உடலுக்குள்ளும் காரணம் தேடிய மரபு இது.

ஐரோப்பாவில் 1480களில் வெளிவந்த ‘சூனியக்காரிகளின் சம்மட்டி’ என்ற நூல் சூனியக்காரி வேட்டைக்கு வழிகாட்டியானது. ஆயிரக்கணக்கான பெண்கள் எரிக்கப்பட்டார்கள். 1563இல் யோகான் வயர் என்ற மருத்துவர், சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்படும் பெண்களில் பலர் நோயாளிகள், அவர்களைத் தண்டிக்கலாகாது என்று நூல் எழுதினார். அந்த நூல் தடைப்பட்டியலில் ஏறியது. வயரும் சாத்தானை நம்பியவர்தான். காரணத்தைப் பற்றிய அவருடைய அறிவு தம் காலத்தைத் தாண்டிவிடவில்லை. ஆனாலும் அந்தப் பெண்களை எரிக்கக் கூடாது என்ற தெளிவு அவருக்கு இருந்தது. நான் சொல்லவரும் உண்மைக்கு அவரே முதல் சாட்சி.

3. பிசேத்தரில் ஒரு காவலர்

பாரிஸ் அருகே பிசேத்தர் மருத்துவமனை. 18ஆம் நூற்றாண்டின் இறுதி. மனநோயாளிகள் சங்கிலியில் கிடந்த இடம். ஃபிலிப் பினெல் என்ற மருத்துவர் அங்கு போய்ச் சங்கிலிகளை உடைத்தார் என்று பாடநூல்கள் எழுதும். ஓவியங்களும் அப்படியே தீட்டப்பட்டன. நடந்தது அதைவிடச் சிறப்பானது.

ஜான் பாப்டிஸ்ட் புசேன் தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற பிசேத்தருக்கு வந்தவர், குணமானபின் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து மனநோயாளர் பிரிவின் பொறுப்பாளராக உயர்ந்தார். மருத்துவப் படிப்பு எதுவும் அவருக்குக் கிடையாது. நோயாளிகளை அடிக்கக் கூடாது என்று பணியாளர்களுக்குக் கட்டளையிட்டார். நோயிலிருந்து மீண்டவர்களையே பணியாளர்களாக அமர்த்தினார். அந்தத் துன்பத்தை அறிந்தவர்கள் கைநீட்டமாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. ஒவ்வொருவரும் என்ன பேசுகிறார், எப்போது கலங்குகிறார், எப்போது தெளிகிறார் என்று உடனிருந்து கவனித்தார். 1793இல் அங்கு மருத்துவராக வந்த பினெல், இவரிடம் மாணவரைப் போலக் கற்றுக்கொண்டார். பிசேத்தரில் சங்கிலிகளைக் கழற்றியது புசேன், 1797இல். அப்போது பினெல் அங்கே இல்லை. சால்பெத்ரியேர் மருத்துவமனைக்கு மாறிப் போயிருந்தார். பின்னர் புசேனையும் அங்கே வரவழைத்துக்கொண்டார். 1801இல் வெளியிட்ட தம் நூலில் புசேனுக்குரிய பெருமையைப் பினெல் மறைக்காமல் எழுதினார். சங்கிலிக்குப் பதிலாகக் கட்டுச்சட்டை வந்தது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. அது முழு விடுதலை ஆகிவிடவில்லை. ஆனாலும் திசை மாறியது.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் இன்னொரு முயற்சி. யார்க் நகர மனநோயாளர் காப்பகத்தில் குவேக்கர் என்ற கிறித்துவப் பிரிவைச் சேர்ந்த ஹன்னா மில்ஸ் என்ற பெண் 1790இல் இறந்துபோனார். பார்க்கச் சென்ற நண்பர்களை உள்ளே விடவே இல்லை. அந்த மரணம் உறுத்தவே, வில்லியம் டியூக் என்ற தேயிலை வணிகர் 1796இல் ‘ரிட்ரீட்’ என்ற இல்லத்தைத் திறந்தார். தோட்ட வேலை, தையல், வாசிப்பு, முற்றத்தில் வளர்க்கும் முயல்களும் கோழிகளும், நல்ல உடை உடுத்தி விருந்தினர்போல அமர்ந்து அருந்தும் தேநீர் என்று அங்கே நாட்கள் கழிந்தன. இந்த முறைக்கு நெறிசார் சிகிச்சை என்று பெயர். டியூக்குக்கும் மூளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆயினும் பலர் குணமாகி வீடு திரும்பினார்கள்.

இந்த வெற்றி ஏன் நிலைக்கவில்லை? அமெரிக்காவில் டொரோத்தியா டிக்ஸ் 1841இல் சிறை ஒன்றில், குளிர்காய வசதியில்லாத அறைகளில் மனநோயாளிகள் அடைபட்டிருப்பதைக் கண்டு கொதித்தார். மாநிலம் மாநிலமாகச் சென்று மருத்துவமனைகள் கட்ட வைத்தார். நோக்கம் உயர்ந்தது. ஆனால் கட்டடங்கள் பெருத்த அளவுக்குப் பணியாளர்கள் பெருகவில்லை. முப்பது பேருக்கு உருவான முறையை மூவாயிரம் பேருக்குச் செய்ய முடியவில்லை. 1955இல் அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். சென்னையில் 1794இல் தொடங்கி, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மருத்துவமனை உட்பட நம் நாட்டு மனநல மருத்துவமனைகளும் நெடுங்காலம் இதே நெரிசலில் தவித்தவைதாம்.

4. மூளையைத் தேடிய நூற்றாண்டு

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவமனைகளில் ஒருவகை நோயாளிகள் நிறைந்திருந்தார்கள். தம்மைப் பேரரசர் என்பார்கள், கோடிக்கணக்கில் சொத்து இருப்பதாகச் சொல்வார்கள். பேச்சு குழறும், கை நடுங்கும், நடை தள்ளாடும், சில ஆண்டுகளில் இறந்துவிடுவார்கள். 1822இல் அந்துவான் பேல் இதை மூளை உறையின் அழற்சியோடு வரும் தனி நோயாக விவரித்தார். மேகநோய்க்கும் இதற்கும் தொடர்புண்டோ என்ற ஐயம் வளர்ந்தது. 1905இல் மேகநோய்க் கிருமி கண்டறியப்பட்டது. 1913இல் நொகுச்சியும் மூரும் இறந்த நோயாளிகளின் மூளைத் திசுவிலேயே அந்தக் கிருமியைக் கண்டார்கள். ஒரு பைத்தியத்துக்கு முதன்முறையாக உடல்சார்ந்த காரணம் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டப்பட்டது. பெனிசிலின் வந்தபின் அந்த நோய் மருத்துவமனைகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போனது. காரணத்தைத் தேடுவதன் முழுப் பயனும் இதில் விளங்குகிறது. எத்தனை கருணை காட்டினாலும் அந்தக் கிருமி சாகாது.

இதே காலத்தில் எமில் கிரேப்பலின் நோயாளிகளின் போக்கை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, 1899இல் இரண்டு பெரும் வகைகளைப் பிரித்துக்காட்டினார். ஒன்று, பின்னாளில் பிளாய்லர் என்ற உளமருத்துவர் மனச்சிதைவு என்று பெயர் மாற்றியது. மற்றொன்று, மனஎழுச்சியும் சோர்வும் மாறிமாறி வருவது. இன்றைய வகைப்பாடுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் இந்த வெற்றி தலைக்கேறியபோது விபரீதம் விளைந்தது. 1935இல் போர்ச்சுகலின் எகாஸ் மொனிஸ், மூளையின் முன்மடல் இணைப்புகளை வெட்டினால் மனநோய் தணியும் என்று அறுவை செய்தார். சான்று சொற்பம். 1949இல் நோபல் பரிசு கிடைத்தது. அமெரிக்காவில் மட்டும் பல்லாயிரம் பேருக்கு அந்த அறுவை நடந்தது. கலகம் செய்தவர்கள் அமைதியானார்கள். அந்த அமைதிக்கு விலையாகப் போனது அவர்களுடைய முனைப்பும் ஆளுமையும்.

5. அனுபவத்தைத் தேடியவர்கள்

காரணம் மூளையில் மட்டும் இல்லை, வாழ்ந்த வாழ்விலும் இருக்கிறது என்ற மரபு இன்னொரு பக்கம் வளர்ந்தது. 1895இல் பிராயரும் ஃப்ராய்டும் ‘இசுட்டீரியா ஆய்வுகள்’ நூலை வெளியிட்டார்கள். ஃப்ராய்டின் கோட்பாடுகள் பலவற்றைப் பிற்கால ஆய்வு ஏற்கவில்லை. ஆனாலும் நோயாளியின் பேச்சுக்குப் பொருள் உண்டு, மருத்துவர் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதைத் துறைக்குக் கற்றுத் தந்தது அந்த மரபுதான். 1922இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார்.

அனுபவத்தைக் கற்றலாகக் கண்ட நடத்தையியலாரின் கதையில் இரண்டு குழந்தைகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரெய்னரும், ‘ஆல்பர்ட்’ என்று அவர்கள் குறிப்பிடும் கைக்குழந்தையின் முன் வெள்ளெலியை விட்டு, அவன் அதைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். எலியைக் கண்டாலே அவன் அழத் தொடங்கினான். அச்சம் கற்றுக்கொள்ளப்படுவது என்று நிறுவியாயிற்று. அந்த அச்சத்தை அவர்கள் நீக்காமலேயே குழந்தை போய்விட்டது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் வெளியிட்ட ஆய்வில் இன்னொரு சிறுவன், பீட்டர். வயது மூன்று நிறையவில்லை. முயலைக் கண்டால் நடுங்குவான். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, கூண்டில் இருந்த முயலை அறையின் தொலைவில் வைத்தார். அவன் கலங்காத அளவுக்கு மட்டும், நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். முடிவில் முயல் தன் விரலைக் கொறிக்க விட்டுக்கொண்டு பீட்டர் உட்கார்ந்திருந்தான். இரண்டு ஆய்வுகளும் ஒரே கோட்பாட்டில் எழுந்தவை. ஒன்று குழந்தையைக் கருவியாகக் கண்டது. மற்றொன்று குழந்தையின் வேகத்துக்குக் கட்டுப்பட்டது. இன்று அச்ச நோய்களுக்கு உலகெங்கும் தரப்படும் சிகிச்சை பீட்டரின் வழியில் வந்தது.

1960களில் ஆரன் பெக், சோர்வுற்றவர்களின் மனத்தில் ‘என்னால் ஆகாது’, ‘யாருக்கும் நான் வேண்டாம்’ என்று தாமாக எழும் எண்ணங்களைக் கவனித்தார். அவற்றை நோயாளியோடு சேர்ந்து சான்று கேட்டு ஆராயும் அறிவாற்றல் சிகிச்சையை உருவாக்கினார். நோயாளி இங்கே ஆய்வில் பங்காளி.

6. இணைத்துப் பார்த்தல்

இன்று எந்த ஒற்றைக் காரணத்தையும் துறை ஏற்பதில்லை. பலவீனம்-நெருக்கடி மாதிரி என்று ஒன்று சொல்கிறோம். ஒரே மழையில் ஓர் ஏரியின் கரை உடைகிறது, இன்னோர் ஏரியின் கரை தாங்குகிறது. கரையின் வலுவையும் பார்க்க வேண்டும், மழையின் அளவையும் பார்க்க வேண்டும். மரபணு, குழந்தைப் பருவம், வறுமை, இழப்பு, போதை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். 1977இல் ஜார்ஜ் எங்கல் உடல், உளம், சமூகம் மூன்றையும் ஒருங்கே பார்க்கச் சொன்னது இதைத்தான். 1952இல் வந்த குளோர்ப்ரோமசின் மருந்து மனச்சிதைவின் குரல்களையும் ஐயங்களையும் தணித்தது. வீடு திரும்ப வழி பிறந்தது. ஆனால் வீடும் ஊரும் ஏற்றுக்கொண்டால்தான் அந்தத் திரும்புதல் நிலைக்கும்.

இந்த இடத்தில் இந்தியா உலகுக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், ராணுவத்திடம் கூடாரங்கள் வாங்கி வளாகத்தில் அடித்து, நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்க வைத்தார். சிகிச்சை எப்படி நடக்கிறது என்று உறவினர் கண்ணால் பார்த்தார்கள். பயம் போயிற்று, மாலைக் கூட்டங்களில் கேள்வி கேட்டுத் தெளிந்தார்கள், நோயாளியைக் கைவிடாமல் அழைத்துச் சென்றார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் உறவினர் உடன்தங்கும் முறையையே பின்பற்றியது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை தலைமையேற்று நடத்திய டாக்டர் சாரதா மேனன், 1984இல் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையான ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கியதும், மருந்தோடு வேலையும் குடும்பமும் சேர்ந்தால்தான் மறுவாழ்வு என்ற உறுதியில்தான்.

7. ஏர்வாடிக்குப் பின்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்றின் ஓலைக்கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களின் கால்களில் சங்கிலி. ஓடமுடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். பிசேத்தரில் சங்கிலி கழன்று இருநூறு ஆண்டுகள் கடந்திருந்தன. அந்த இருநூறு ஆண்டுகளில் கிருமி கண்டோம், மருந்து கண்டோம், மூளையைப் படமெடுத்தோம். அந்த அறிவு அந்தக் கொட்டகைக்குப் போய்ச் சேரவில்லை. அவர்களை அங்கு விட்டுச் சென்ற குடும்பங்களைக் குறைசொல்லி நாம் தப்பிக்க முடியாது. மருத்துவமனை தொலைவில், மருந்து கைக்கெட்டாமல், ஊரார் பேச்சு தாளாமல், ஏர்வாடி தர்காவை நம்பி வந்தவர்கள் அவர்கள். நம்பிக்கை அவர்களைச் சுடவில்லை; நாம் செய்யாமல் விட்டதுதான் சுட்டது.

உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95ஆவது பிரிவு, மனநோயாளியை எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. குஜராத்தின் மீரா தாத்தார் தர்காவிலும் பின்னர் ஏர்வாடியிலும், மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கும் ‘தவா-துவா’ திட்டம் வந்தது. தொழ வந்தவரைத் தடுக்காமல் அங்கேயே மருத்துவரும் அமர்ந்தார். காரணம் பற்றிய இருவேறு நம்பிக்கைகள், நோயாளியைக் காக்கும் கடமையில் ஒன்றுசேர முடியும் என்பதற்கு இது சான்று.

இன்னும் தூரம் இருக்கிறது. முன்சொன்ன தேசிய ஆய்வு, மனநலக் குறைபாடுள்ளவர்களில், குறைபாட்டின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதத்தினர் உரிய சிகிச்சை பெறவில்லை என்றது. எனவே மாணவர்களுக்கு என் வேண்டுகோள்: எந்தக் கோட்பாட்டைப் படித்தாலும், அது எதைக் காரணம் என்கிறது என்பதோடு, நோயுற்றவரை என்ன செய்யச் சொல்கிறது என்பதையும் கேளுங்கள். கார்ட்ரைட்டையும் மொனிஸையும் அந்தக் கேள்வி அன்றே நிறுத்தியிருக்கும். குடும்பத்தாருக்கு என் வேண்டுகோள்: காரணம் முழுதாய்த் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற எண்ணில் ‘டெலி மானஸ்’ இலவச ஆலோசனை இருக்கிறது. உங்கள் குற்றத்தால் இது வரவில்லை. நீங்கள் காட்டும் பொறுமையும் சிகிச்சையின் ஒரு பகுதி. அரசுக்கும் சமூகத்துக்கும்: சட்டப் புத்தகத்தில் கழன்ற சங்கிலி ஒவ்வொரு வட்டத்திலும் கழல வேண்டும் என்றால் மருத்துவரும் மருந்தும் ஆற்றுப்படுத்துநரும் அங்கே இருக்க வேண்டும். அதற்கான பணத்தை ஒதுக்குவதும், மீண்டு வந்தவருக்கு வேலையும் வீடும் தருவதும் தர்மம் என்று நினைக்காமல் கடன் என்று நினைத்துச் செய்ய வேண்டும்.

காரணத்தைத் தேடும் அறிவியல் இன்னும் பல தலைமுறை நடக்கும், நடக்கவும் வேண்டும். நோயுற்ற மனிதரை மனிதராக நடத்துவதற்கு அந்த முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மருத்துவப் படிப்பில்லாத புசேன் அதை 1797இலேயே செய்துகாட்டிவிட்டார்.